சின்ன மெஷினைத் தொடப்போகும் கண்ணுவுக்கு

கண்ணு,

துபாய் ஃப்ளீ மார்க்கெட்டில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத கறுப்புத் தையல் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன், கைப்பிடி அசைய மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் தாத்தா என்று படம் அனுப்பியிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். 1984-ல் ஷார்ஜா வந்தவன் நான். அரபு உடைகளான கந்தூராவும் அபாயாவும் தைக்கிற கடைகளில் மெஷின் பழுது பார்த்தே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. பொம்மை மெஷின்கள் என் கைக்கு வந்தது குறைவுதான். ஆனால் இந்தத் தொழிலில் நான் மறக்க முடியாத தப்புகள் எல்லாம் அந்தச் சின்ன மெஷின்களில் செய்தவைதான். நீ அதே வழியில் போக வேண்டாம்.

1. வாங்கி வந்த அன்றைக்கே திருப்புளியை எடுக்காதே. ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் மெஷினை வைத்து, நாலு பக்கமும் பார். கவிழ்த்து அடியையும் பார். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வை. வேலை தெரிந்தவன் முதலில் கையைக் கட்டிக்கொள்வான். நான் முதல் பதினைந்து வருஷம் கையை நீட்டுகிறவனாகத்தான் இருந்தேன். கழற்றிப் பார்த்தால்தானே தெரியும் என்று ஒரு ஜெர்மன் பொம்மை மெஷினை ஒரே இரவில் கழற்றிப் போட்டேன். திரும்பப் பூட்ட ஐந்து மாதம் ஆயிற்று. அதிலும் ஒரு வாஷர் மிஞ்சியது. அந்த வாஷரை இன்னமும் என் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

2. பெயரைத் தேடு, ஆனால் பெயரைத் திணிக்காதே. படத்தில் பார்த்தவரை உன்னுடையது சிங்கர் 20 போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1910 வாக்கில் சிங்கர் கம்பெனி அந்தச் சின்ன மெஷினைக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, கறுப்பு மெருகு, பொன் எழுத்து. பல பத்தாண்டுகள் அதையே செய்தார்கள், பிற்காலத்தில் வெளிர் பழுப்பிலும் வந்தது. சிறு பிள்ளையாக இதில் தைத்துப் பழகியவள் பெரியவளானதும் பெரிய சிங்கர் வாங்குவாள் என்பது அவர்கள் கணக்கு. பெரிய சிங்கர்களுக்கு வரிசை எண் உண்டு, அதை வைத்து எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். 20-க்கு அந்த எண் கிடையாது, அதைத் தேடி நாளை வீணாக்காதே. சக்கரத்தில் எத்தனை ஆரக்கால், என்ன நிறம், எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் காலத்தை மதிப்பிடுகிறார்கள்.

உடம்பு வார்ப்பாக இல்லாமல் மடித்த தகடாக இருந்து, மேலே பூவும் கொடியும் அச்சிட்டிருந்தால் அது ஜெர்மனியாக இருக்கலாம். கழுகு முத்திரை தெரிந்தால் காசிகெ என்று நினை. கெவல்ஸ்பெர்க் என்ற ஊரில் கார்ல் சீப்பர் என்பவரின் கம்பெனி அது. அவர் பெயரின் முதலெழுத்துகளையும் ஊரின் முதலெழுத்தையும் சேர்த்துத்தான் காசிகெ ஆயிற்று. சிலவற்றில் ‘ஜெர்மனி, பிரிட்டிஷ் மண்டலம்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கும். 1945-ல் போரில் தோற்ற ஜெர்மனியை நாலு நாடுகள் பங்கு போட்டு ஆண்டபோது அந்த ஊர் பிரிட்டிஷார் கையில் இருந்தது. 1949-ல் மேற்கு ஜெர்மனி தனி நாடாகும்வரை அதுதான் நிலை. இதே போல ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று அச்சிட்டிருந்தால் 1945-க்கும் 1952-க்கும் நடுவே செய்தது. பெர்லின் முல்லர் கம்பெனிப் பொம்மைகளும் உண்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ், வல்கன் பொம்மைகளும் உண்டு. ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போவதால் எல்லாமே இந்த ஊரில் என்றைக்காவது ஒருநாள் கண்ணில் படும்.

பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். சிங்கர்தானே என்று ஆசையோடு கேட்ட ஒருவரிடம், அவர் முகம் வாடக் கூடாதென்று ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சாதாரணத் தகட்டு மெஷின். அவர் அதை நம்பி ஊருக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்தார். இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யும் பொய்தான், அதன் செலவை வேறொருவர் கட்டினார்.

3. இல்லாததைத் தொலைந்துபோனது என்று நினைக்காதே. நம் வீட்டுத் தையல் மெஷினில் மேல் நூல் ஒன்று, அடியில் பாபின் நூல் ஒன்று. பொம்மை மெஷின்களில் பெரும்பாலும் மேல் நூல் மட்டும்தான். அடியில் ஒரு கொக்கி, அதை லூப்பர் என்போம், நூலை வளையமாகப் பிடித்து அடுத்த வளையத்துக்குள் நுழைக்கும். சங்கிலித் தையல் அது. இது தெரியாமல், பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி கொண்டுவந்த மெஷினைக் கவிழ்த்துப் பார்த்து, பாபின் கேஸ் தொலைந்துவிட்டது, இனி உதவாது என்று சொல்லிவிட்டேன். அவள் அதைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து கராச்சிக்காரப் பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் உஸ்தாத், அதைக் கையில் எடுத்துச் சுற்றினார். நூல் கோத்தார், தைத்தார். எதுவுமே தொலையவில்லை. அந்த நர்ஸை எப்படித் தேடுவது? அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

4. இந்த ஊர்க் காற்றைப் புரிந்துகொள். வளைகுடாவின் புழுதி நம் ஊர்ப் புழுதி மாதிரி இல்லை, மாவு மாதிரியான மணல். அதன்மேல் எண்ணெயை ஊற்றினால் இரும்பைத் தேய்க்கிற களிம்பாகிவிடும். அதனால் முதலில் உலர்ந்த சின்ன பிரஷ்ஷால் புழுதியைத் தட்டி எடு, அப்புறம்தான் எண்ணெய். எண்ணெய் என்றால் தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கிற தையல் மெஷின் எண்ணெய். அடுப்படி எண்ணெயைத் தொடாதே. நல்லெண்ணெய் போகப்போகப் பிசினாகும். தேங்காயெண்ணெய் ஏசி அறையில் உறைந்தே போகும், குளியலறை பாட்டிலில் நீயே பார்த்திருப்பாய். ஒரு இணைப்புக்கு ஒரு சொட்டு போதும்.

இன்னொன்று. ஜூலையில் ஏசி அறையில் கிடந்த மெஷினைத் துடைக்கலாம் என்று பால்கனிக்குக் கொண்டுபோகாதே. குளிர்ந்த இரும்பின்மேல் கடற்காற்றின் ஈரம் முத்து முத்தாக வேர்த்து நிற்கும். ஒரே மாலையில் துரு பிடிக்கும். அறைக்குள்ளேயே வேலை பார். வெளியே கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொண்டுபோ. இரும்பு வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திற.

5. அசையாததோடு மல்லுக்கட்டாதே. ஐம்பது வருஷம் இறுகிக் கிடந்தது ஐந்து நிமிஷத்தில் இளகாது. அசைகிற இடத்திலெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் விடு. மறுநாள் விரலால் மெதுவாக அசை. மயிரிழை நகர்ந்தால் போதும், திரும்ப ஒரு சொட்டு, திரும்ப ஒரு நாள். பல சமயம் கைப்பிடியில் பழைய நூல் சுற்றிக்கொண்டிருக்கும், அதைச் சின்ன இடுக்கியால் உரித்தெடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். காந்தம் ஒட்டாத வெளிர் சாம்பல் உலோகத்தில் செய்த பாகமாக இருந்தால் இன்னும் பத்திரம். இரும்புத் தகடு வளைந்து கொடுக்கும், இது சொல்லாமல் உடையும்.

திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளி இருந்தால் மட்டும் கழற்று. இல்லையென்றால் திருப்புளி நுனியை அரத்தில் தேய்த்துப் பொருத்திக்கொள். கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வை. நான் தங்கியிருந்த அறையில் ஆறு பேர். ஒருவருக்கும் தெரியாமல் இட்லித் தட்டை எடுத்துப்போய், கழுவித் திரும்ப வைப்பேன்.

6. பளபளப்புக்கு ஆசைப்படாதே. பழைய கறுப்பு மெருகின்மேலும் பொன் எழுத்தின்மேலும் அரக்குப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட் பட்டால் அது கரையும், பால் மாதிரி வெளுக்கும். தின்னர் பட்டால் எழுத்தே கையோடு வந்துவிடும். கொரோனா காலத்தில் சானிடைசரால் துடைத்து எத்தனை பேர் பொன் எழுத்தை அழித்தார்கள் தெரியுமா? சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது. இளஞ்சூட்டு வெந்நீரில் ஒரு துளி சோப்பு, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி, அதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார். துணியில் கறுப்போ பொன்னோ ஒட்டினால் அங்கேயே நிறுத்து. பூச்சில்லாத வெறும் இரும்பில் துரு இருந்தால் எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகு நாரால் தேய்க்கலாம், பூச்சுப் பக்கம் அது போகவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதையும் மறக்காதே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொடியாக்காதே, பக்கத்தில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம்.

7. கீறலைப் படிக்காமல் அழிக்காதே. இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள்.

அஜ்மானிலிருந்து ஒரு எமிராத்திப் பெண்மணி, வயது அறுபதுக்கு மேல், கைக்குட்டையில் சுற்றி ஒரு பொம்மை மெஷினைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா பம்பாய்க்கு வியாபாரத்துக்குப் போய்வந்த காலத்தில் வாங்கியதாம். நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாயே இந்தக் கரையில் செல்லுபடியான காலம், 1966 வரை அப்படித்தான் இருந்தது. சுற்றுகிற மாதிரி செய்துகொடுங்கள் என்று மட்டும்தான் கேட்டார். நான் அதற்குமேல் செய்தேன். நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை. அடித்தட்டை உப்புத்தாளில் தேய்த்து, கறுப்பு ஸ்ப்ரே அடித்து, ஓரத்தில் பொன் கோடு இழுத்து, கடையில் நேற்று வாங்கியது போல ஆக்கி வைத்தேன்.

அவர் வந்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கவில்லை. மெஷினைக் கையில் எடுத்ததுமே கவிழ்த்து, அடித்தட்டின் ஓரத்தை விரலால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். அந்த இடத்தில் அவருடைய அக்கா ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். அக்கா பத்து வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எழுதியதில் மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

என்னைத் திட்டவில்லை. கேட்ட கூலியைக் கொடுத்தார், சலாம் சொன்னார், அதே கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார். கண்ணு, அந்த எழுத்து எப்படி இருந்தது என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே நினைவில் இருக்கும்? என் கண்ணுக்கு அது வெறும் கீறல். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும், இதில் எதைத் தொடக் கூடாது என்றுதான் முதலில் கேட்கிறேன். உன் மெஷினுக்குச் சொந்தக்காரர் யார் என்று உனக்குத் தெரியாது. அதனாலேயே இன்னும் பதனமாக இரு. பொன் எழுத்து தேய்ந்த இடம் ஒரு குழந்தையின் உள்ளங்கை பட்ட இடம். அதன்மேல் பெயின்ட் அடிக்காதே.

8. ஊசி பொருந்துகிறது என்பதற்காகப் போடாதே. சிங்கர் 20-க்கு 24x1 என்ற ஊசி. நம் வீட்டு மெஷின் ஊசியை அதில் திணிக்கக் கூடாது. நீளம் ஒரு நூலளவு மாறினாலும் லூப்பர் வளையத்தைப் பிடிக்காது, இல்லையென்றால் ஊசியில் இடித்து இரண்டும் கெடும். மற்ற மெஷின்களில் பழைய ஊசி ஒடிந்திருந்தாலும் தூக்கிப் போடாதே, அதை அளந்துதான் புதிது தேட வேண்டும். நூலை இறுக்குகிற இரண்டு வில்லைகளுக்கு நடுவே அரை நூற்றாண்டுப் பஞ்சு அடைந்திருக்கும், ஒரு துணிக் கீற்றை விட்டு இழுத்தால் வந்துவிடும். முதலில் நூல் கோக்காமல் சுற்று. பிறகு இரண்டு மடிப்பு மல் துணியில் தைத்துப் பார். அபாயா துணியில் முதல் தையல் போடாதே, அது வழுக்கும்.

தைத்து முடித்ததும் கடைசி வளையத்துக்குள் நூல் நுனியை நுழைத்து இழுத்துவிடு. மறந்தால் என்ன ஆகும் என்று அரிசி மூட்டை பிரிக்கும்போது பார்த்திருப்பாய். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மூட்டை வாய் முழுக்கத் திறந்துகொள்ளும். இரண்டும் ஒரே தையல்தான்.

9. விலை பேசும்போது வாயை அடக்கு. 2009 ஏப்ரலில் சவூதியில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மெஷின்களுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, புதையல் எடுக்கலாம், ஜின்னை அழைக்கலாம், அணுகுண்டுக்கே உதவும் என்று ஆளுக்கொரு கதை. ஊசிப் பக்கத்தில் செல்போனைக் கொண்டுபோனால் லைன் துண்டாகும், அதுதான் அடையாளமாம். சில நூறு ரியால் பெறாத மெஷினை இரண்டு லட்சம் ரியால்வரை விலை பேசினார்கள். அவர்கள் சொன்ன மாதிரி ஒரு பொருள் உலகத்திலேயே கிடையாது. தம்மாமில் இருந்த என் மைத்துனர் எனக்கு போன் போட்டார்: கடையில் கிடக்கிற பழைய சிங்கர்களை அனுப்பு, பாதிப் பாதி. மகள் படிப்புக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் முடியாது என்றேன். மைத்துனர் ஒரு வருஷம் பேசவில்லை. நான் அன்றைக்குச் சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிற சில காரியங்களில் இது ஒன்று. ஆனால் அந்த இரண்டு இரவு யோசித்ததற்காக இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நீ விற்கிற நாள் வந்தால், எதை மாற்றினாய், எது பழையது, எது உன் கைவேலை என்று ஒரு தாளில் எழுதி மெஷினோடு கொடு. அட்டைப் பெட்டி கிழிந்திருந்தாலும் எறியாதே, அதுவும் மெஷினில் பாதி.

10. முடிக்கத் தெரிந்துகொள். பொறுமை என்று இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். 1992-ல் ஊர் திரும்பிய ஒரு குடும்பத்திடம் ஒரு பொம்மை மெஷின் வாங்கினேன். ஊரில் என் மகளுக்கு ஆறு வயது. அடுத்த லீவுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். ஊசி கிடைக்கவில்லை. அதற்கடுத்த லீவுக்கு ஊசி கிடைத்தது, தையல் கொஞ்சம் கோணியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. குறை இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். 2001-ல் கொண்டுபோனேன். அவளுக்குப் பதினைந்து வயது. ரொம்ப அழகா இருக்குப்பா என்று சொல்லி ஷோகேஸில் வைத்தாள். கோணல் தையலோடு கொடுத்திருந்தால் ஆறு வயதுக்காரி அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

உன் அக்கா மகள் டிசம்பரில் வருகிறாள், ஐந்து வயது என்று சொன்னாய். இன்னும் நாலு மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும். ஷார்ஜாவில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, உனக்கு அரை நாள் வேலை. முடிந்ததும் நேராக ரோலாவுக்கு வந்துவிடு. மெஷினைத் துணியில் சுற்றி எடுத்து வா, துடைத்துக் கொண்டுவராதே, அப்படியே வேண்டும். மேசையில் பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் உன் படத்தில் இல்லை, என்னிடம் சின்னதாக ஒன்று இருக்கிறது. மல் துணியும் இருக்கிறது. நல்ல பருத்தி நூல் மட்டும் ஒரு கண்டு வாங்கி வா, நிறம் அவளுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.